நாற்பது வாசல் கோலம்

காலை ஏழு நாற்பதுக்குக் குடிநீர் வாரிய ஜீப் வந்தது. பதினொரு மணிக்கு வருவதாகத்தான் சொல்லியிருந்தார்கள். பதினொன்றுக்கே வந்திருந்தால் வாசல்களெல்லாம் காய்ந்திருக்கும், நானும் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஏழு நாற்பதுக்குத் தெரு முழுக்க ஈரம். என் மனைவி முப்பத்தேழாவது வாசலில் குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் வாளியோடு, எனக்குச் சம்பந்தமில்லாத ஒருவரின் வீட்டு முன்னால் நின்றிருந்தேன். இத்தனை வருடம் கழித்தும் தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் முதலில் வாசல் ஈரமா என்றுதான் பார்க்கிறேன்.

எங்கள் குடியிருப்பு மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடிக்குப் போகிற பாதையை விட்டு உள்ளே தள்ளி, சமணமலையின் முதுகு தெரிகிற பொட்டலில் இருந்தது. தொண்ணூறுகளின் கடைசி. நகரத்துக்குள் வாடகைக்கு இருந்து அலுத்தவர்கள் எல்லாம் சோளக்காட்டைக் கல் நட்டு மனையாக்கி வாங்கிக்கொண்டிருந்த காலம். நான் கணக்கு வாத்தியார். வருங்கால வைப்பு நிதியில் கடன் எடுத்து ஒரு வீடு கட்டிக் குடிவந்துவிட்டேன். வந்த பிறகுதான் தெரிந்தது, எல்லோரும் மனைக்குக் கிழக்குப் பார்த்திருக்கிறார்கள், மூலை பார்த்திருக்கிறார்கள், தண்ணீரை ஒருவரும் பார்க்கவில்லை. சேர்ந்து ஒரு போர் போட்டோம். முந்நூறு அடி வரை புழுதிதான் வந்தது. அதற்கப்புறம் செவ்வாயும் வெள்ளியும் வருகிற லாரித் தண்ணீரை நம்பி வாழ்ந்தோம்.

அப்படியே காலத்தை ஓட்டியிருப்போம். ஆனால் அந்த வருடம் பழங்காநத்தத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த எங்கள் ஒரே மகள் உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் அழைத்துவருவது என்று என் மனைவி அறையைக்கூட ஒழித்துவைத்துவிட்டாள். சம்பந்தியம்மா ஒருநாள் வீட்டைப் பார்க்க வந்தார். பின்பக்கம் போய், வரிசையாக நின்ற பிளாஸ்டிக் குடங்களைப் பார்த்தார். சமையலறையில் பார்த்தார். குளியலறையிலும் அதேதான். காபியைக் குடித்து முடித்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"பச்ச ஒடம்புக்காரிக்கும் கைப்பிள்ளைக்கும் ஒரு நாளைக்கு எம்புட்டுத் தண்ணி வேணும்னு ஒங்களுக்குத் தெரியாதா சம்பந்தி? குழா வரட்டும். அனுப்பி வைக்கிறேன்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அவர்கள் தெருவில் தினமும் காலையில் மாநகராட்சித் தண்ணீர் வரும். என் மனைவி அன்று ராத்திரிச் சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்தாள். ஒழித்துவைத்த அறையின் கதவைச் சாத்திவிட்டு வந்து படுத்துக்கொண்டாள். எனக்கு அப்போதிருந்து ஒரே கணக்குத்தான்: மகளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது, மீதி நான்கு மாதம், அதற்குள் குழாய்.

குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று என் தலையில் கட்டியிருந்தார்கள். நகரத்திலிருந்து சுற்றுவட்டார ஊராட்சிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரப்போவதாகவும், அதற்கு வரைபடம் தயாராவதாகவும் கேள்விப்பட்டுக் குடிநீர் வாரிய அலுவலகத்துக்குப் போனேன். சுவரில் பெரிய வரைபடம் மாட்டியிருந்தது. ஊருக்கு ஒரு வட்டம், வட்டத்துக்குள் மக்கள்தொகை. எங்கள் குடியிருப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பச்சைக் கோடுகள். அது என்ன என்று கேட்டேன். "புஞ்சை" என்றார் எழுத்தர். நான் அங்கேதான் குடியிருக்கிறேன் என்றேன். கடைசியாகக் கணக்கெடுத்தபோது அங்கே யாரும் இல்லையே என்றார் அவர், நான்தான் ஏதோ பொய் சொல்வதுபோல.

மனு எழுதிக் கொடுத்து ஐந்து நடை நடந்த பிறகு, உதவிப் பொறியாளர் நேரில் வந்து பார்ப்பார் என்றார்கள். கிளம்பும்போது அதே எழுத்தர், உபகாரமாக நினைத்துக்கொண்டு, தணிந்த குரலில் ஒன்று சொன்னார். முப்பது குடும்பமாவது குடியிருந்தால்தான் திட்டத்தில் சேர்ப்பார்களாம். இல்லையென்றால் ஒரு அடிகுழாயோடு முடித்துவிடுவார்களாம்.

எங்களிடம் குடும்பங்கள் பதின்மூன்று. கட்டி முடித்துப் பூட்டிப் போட்ட வீடுகள் பதினொன்று. சுவர் எழும்பியும் எழும்பாமலும் நின்றவை பதினாறு. பூட்டிய வீட்டுக்காரர்களுக்கெல்லாம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டேன். தண்ணீர் வந்தால் மறுநாளே பால் காய்ச்சிவிடுவோம் என்றார்கள் எல்லோரும். குடிவந்தால் தண்ணீர் தருவோம் என்கிறது அலுவலகம். நடுவில் என் மகளின் வயிறு மட்டும் யாரையும் கேட்காமல் வளர்ந்துகொண்டிருந்தது.

சங்கக் கூட்டம் என் வீட்டு மொட்டைமாடியில் நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அரசுப் பேருந்தில் கண்டக்டர், எந்தப் பிரச்சினைக்கும் உடனடியாக வழி வைத்திருப்பவர்.

"ஆளு இருக்காகன்னு காமிச்சாப் போதும்ல அண்ணே. பஸ்ஸுல துண்டப் போட்டு எடம் பிடிக்கிறோம்ல, அந்த மாதிரிதான். வீட்டுக்கு ரெண்டு துணியக் கொடியில காயப்போடுங்க, அம்புட்டுத்தான்."

துணி மட்டும் போதாது என்று எனக்குப் பட்டது. துணி யார் வேண்டுமானாலும் காயப்போடலாம். ஒரு வீட்டில் பெண் பிள்ளைகளோடு குடும்பம் நடக்கிறது என்பதற்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டிருப்பதைவிடப் பெரிய சாட்சி என்ன இருக்கிறது? காலையில் வாசல் வெறிச்சென்று கிடந்தால் ஏதாவது கெட்ட செய்தியா என்றுதானே கேட்பார்கள். நாற்பது வாசலிலும் கோலம் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இருபத்திரண்டு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். என் மனைவி மட்டும், தெளிக்கிறதுக்குத் தண்ணி என்று ஆரம்பித்தாள். செவ்வாய்க்கிழமை லாரி வரும், புதன்கிழமை ஜீப் வருகிறது, எல்லாம் யோசித்துத்தான் சொல்கிறேன் என்று அவளை அடக்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பூரா வேலை. பாதியில் நின்ற வீடுகளின் முன்னால் கிடந்த செங்கல், ஜல்லி, மணல் எல்லாவற்றையும் பின்பக்கம் கடத்தினோம். சாரம் கட்டிய கம்புகளைப் பிரித்து வேலியோரம் சாய்த்தோம். கதவில்லாத நிலைகளில் பழைய சேலைகளைத் திரையாகக் கட்டினோம். கொத்தனார் தண்ணீர் பிடித்துவைக்கிற தகர டிரம்மைக் கவிழ்த்து, காவி அடித்து, மேலே ஒரு துளசித் தொட்டியை வைத்தார் கண்டக்டர். தள்ளி நின்று பார்த்தால் துளசி மாடம்தான். கிட்டே போனால் தார்க் கம்பெனியின் பெயர் தெரிந்தது.

புதன்கிழமை விடியும்போதே செல்லூரிலிருந்து ஒரு ஆட்டோ வந்தது. அங்கே தறி வைத்திருக்கும் சௌராஷ்டிரக் குடும்பம். எங்கள் தெருக்கோடியில் மாடி வீடு கட்டிப் பூட்டிவைத்திருந்தார்கள். ஒருநாள் குடியிருந்துவிட்டுப் போகிறோம் என்று குக்கர், பாய், சாப்பாட்டுப் பை சகிதம் வந்து இறங்கினார்கள். அந்த அம்மாளுக்குக் கோலத்தில் கை தேர்ந்தது. அவரும் என் மனைவியும் ஆளுக்கு ஒரு பக்கமாகத் தெருவைப் பிரித்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் தன் கணவரிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்வார், அவர் கோலமாவுக் கிண்ணத்தோடு ஓடுவார். நானும் கண்டக்டரும் மற்றவர்களும் குடம் குடமாகச் சுமந்து தெளித்தோம். பொட்டல் மண் எவ்வளவு ஊற்றினாலும் குடித்துக்கொண்டே இருந்தது. கோலம் போடுவதற்குள் காய்ந்துவிடுகிறதே என்று இரண்டாவது தடவையும் தெளிக்கச் சொன்னேன்.

அப்போதுதான் மணி ஏழு நாற்பது.

ஜீப்பிலிருந்து ஒரு பெண் இறங்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் அட்டை, தோளில் அளவு நாடா. அவர்தான் உதவிப் பொறியாளர். இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் திட்டம் முழுவதும் கோலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு ஆணை நம்பிப் போட்டது.

"பதினொண்ணுக்குத்தான வாரதாச் சொன்னீங்க மேடம்?" என்றேன்.

"வெயிலுக்கு முன்னாடி முடிச்சிரலாம்னு வந்தேன் சார்." வாளியைப் பார்த்தார். அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். மிச்சத் தண்ணீர் என் காலில் கொட்டியது.

அவர் தெருவில் நடக்க ஆரம்பித்தார். நானும் கூடவே போனேன். ஐந்தாறு வாசல் தாண்டினோம். அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டார். ஏழாவது வாசலில் செருப்பு சேற்றில் புதைந்தது. காலை உருவி எடுத்துக்கொண்டு, இந்தப் பக்கம் முழுக்க ஒரே ஆள் போட்ட கோலமா என்று கேட்டார். எங்கள் ஊரில் எல்லோரும் ஒரே மாதிரிதான் போடுவார்கள் என்றேன். எதிர்ப் பக்கத்தைக் காட்டி, அங்கே வேறொரு ஆளா என்றார். நான் அடுத்த வாசலுக்கு வழி காட்டினேன்.

காற்றடித்து ஒரு சேலைத் திரை விலகியது. உள்ளே தரை இல்லை. அஸ்திவாரத்துக்குள் ஒரு வெள்ளாடு நின்று எங்களைப் பார்த்தது. பொறியாளரும் அதைப் பார்த்தார். திரை மூடிக்கொண்டது. அதற்குள் கண்டக்டர் குறுக்கே வந்து, வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கிறார், ஆடு அவருடையதுதான் என்று விளக்கம் கொடுத்தார்.

தெருக்கோடி மாடிவீட்டு வாசலில் செல்லூர்க்காரர் வேட்டி சட்டையில் நின்று கும்பிட்டார். எப்போது குடிவந்தீர்கள் என்று பொறியாளர் கேட்டார். அவர் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"இன்னைக்குக் காலையிலதான் மேடம். சாயங்காலம் போயிருவோம்."

பொறியாளர் அட்டையை மூடினார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஈர வாசல்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"ரோட்டுல வரும்போதே பார்த்தேன் சார். இந்த வட்டாரத்துல எந்த ஊர்லயும் வாசல்ல இம்புட்டு ஈரம் இல்ல. நாற்பது வாசல் தெளிக்கிற அளவுக்குத் தண்ணி இருக்குற ஊருக்கு எதுக்குக் குழாய்னு மேல இருக்கிறவங்க கேட்டா நான் என்ன சொல்ல?"

ஆள் இருப்பதை நிரூபிக்கத் தண்ணீரை ஊற்றி, தண்ணீர் இருப்பதை நிரூபித்துவிட்டேன். தேர்வுத்தாளில் ஒரு பையன் இப்படி எழுதியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். மகள் பழங்காநத்தத்திலேயே பெற்றெடுத்து, பேரப்பிள்ளையை விருந்தாளியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற காட்சி கண்முன் வந்துபோனது. மேடம், ஒரு நிமிடம் வீட்டுக்கு வாருங்கள் என்று அழைத்தேன்.

வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.

என் மனைவி உள்ளே போனாள். பாத்திரங்கள் உருள்கிற சத்தம் கேட்டது. பின்கதவு திறந்தது. பக்கத்து வீட்டில் பேச்சுக் குரல், அதற்கடுத்த வீட்டில் பேச்சுக் குரல். ஜன்னல் வழியாக, அவள் சொம்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவது தெரிந்தது. நான் பொறியாளரிடம் வெயிலைப் பற்றிப் பேசினேன். பிறகு மழையைப் பற்றி. மனைவி திரும்பி வந்து, காலிச் சொம்போடு வாசற்படியில் நின்றாள். வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க முடியாமல் அவள் நின்றதை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"எந்த வீட்டுலயும் இல்ல மேடம். நேத்து வந்த லாரித் தண்ணி அம்புட்டையும் இவரு தெருவுல ஊத்தச் சொல்லிட்டாரு. வெள்ளிக்கிழம வரைக்கும் ஒரு சொட்டு கெடையாது." அவள் கண் கலங்கியது. "எம் மக பிரசவத்துக்கு வரணும் மேடம். குழா வந்தாத்தான் அனுப்புவோம்னுட்டாக."

பொறியாளர் எழுந்து ஜீப்புக்குப் போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து என் மனைவியிடம் நீட்டினார். குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்துபோயிருந்த அவள், விருந்தாளி கொடுத்த தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். அப்புறம் எனக்குக் கொடுத்தார். நானும் குடித்தேன். வேறென்ன செய்வது?

முப்பது குடும்பக் கணக்கை யார் சொன்னது என்று விசாரித்தார். எழுத்தரைப் பற்றிச் சொன்னேன். அது தெருக்குழாய் போடுவதற்கான பழைய கணக்கு, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்.

"இது முப்பது வருஷத்துக்குப் போடுற குழாய் சார். இன்னைக்கு யார் இருக்காங்கன்னு மட்டும் எண்ண நான் வரல. இனிமே யார் வருவாங்கன்னு எண்ண வந்தேன். புதுசா வீடு எழும்புதுன்னு கண்ணால பார்த்தாத்தான் எழுத முடியும். செங்கலையெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

அடுத்த ஒன்றரை மணி நேரம் நடந்ததை நினைத்தால் கண்டக்டர் இப்போதும் சிரிப்பார். முந்தின நாள் பின்பக்கம் கடத்திய செங்கலை மறுபடி முன்பக்கம் கொண்டுவந்தோம். மணலை அள்ளிவந்து கோலத்தின் மேலேயே கொட்டினோம். செல்லூர்க்காரர் பட்டு வேட்டியோடு ஜல்லி சுமந்தார். சேலைகளை அவிழ்த்தோம், ஆட்டை வெளியேற்றினோம். பொறியாளர் ஒவ்வொரு அஸ்திவாரமாக நாடா பிடித்து அளந்து, எத்தனை அறை, மாடி உண்டா என்று கேட்டு எழுதினார். கவிழ்த்த டிரம்மின் மேலிருந்த துளசியைக் காட்டி, டிரம்மை நிமிர்த்திக் கொத்தனாரிடம் கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

கடைசியாக என் வீட்டில் எத்தனை பேர் என்றார். நான்கு என்றேன். ரேஷன் கார்டில் எத்தனை என்றார். இரண்டு. மகளையும் பிறக்கப்போகிற பிள்ளையையும் சேர்த்துச் சொன்னேன் என்றேன். அவர் பேனாவைக் கொஞ்ச நேரம் காகிதத்தின் மேல் பிடித்தபடி இருந்தார். பிறகு நான்கு என்றே எழுதினார்.

ஜீப்பின் முன்பக்கத்தில் வரைபடத்தை விரித்துக் காட்டினார். பெரிய குழாய் ஏற்கெனவே அனுமதியானதுதான். அதிலிருந்து எங்களுக்கு ஒரு கிளை சேர்ப்பதாகச் சொன்னார். மேல்நிலைத் தொட்டி கட்டித் தண்ணீர் ஏற்ற எப்படியும் இரண்டு வருடம் ஆகும். பிரசவத்துக்கு ஆகாது, மன்னிச்சுக்கோங்க என்றார் என் மனைவியைப் பார்த்து. அவர் விரல் நகரத்தில் தொடங்கி எங்களை நோக்கி வந்த கோட்டின் மேல் நகர்ந்தது. அது பழங்காநத்தத்துக்குள் நுழைந்து ஒரு தெருவின் நடுவாக வந்தது. எனக்குத் தெரிந்த தெரு. நான் வரைபடத்தை மடித்துக் கொடுத்தேன். மனைவியிடம் இதைச் சொல்லவில்லை.

ஆவணியில் சம்பந்தி வீட்டில் வளைகாப்பு நடந்தது. மகள் இரண்டு கையும் நிறைய வளையலோடு, வேர்வையும் சிரிப்புமாக உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது என் மனைவி மெல்லப் பேச்சை எடுத்தாள். சம்பந்தியம்மா, குழாய் வந்துவிட்டதா என்று கேட்டார். வரைபடத்தில் வந்துவிட்டது என்றேன். அவர் எழுந்து பாத்திரம் ஒதுங்க வைக்கப் போய்விட்டார். மகள் வளையல் சத்தத்தோடு வழியனுப்பினாள். திரும்பி வரும்போது பேருந்தில் என் மனைவி ஜன்னலோரம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நிறுத்தம் வரும்வரை எனக்கு அவள் பின்னல்தான் தெரிந்தது.

பத்து நாள் கழித்துப் பழங்காநத்தத்தில் அந்தத் தெருவைத் தோண்டினார்கள். பள்ளியில் ஒரு சக ஆசிரியர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெரிய குழாய் பதிக்கப்போய்ப் பழைய குழாய் உடைந்துவிட்டதாம். தெருவுக்கே தண்ணீர் இல்லையாம். வாசலைத் தாண்ட முடியாமல் ஆளுயரப் பள்ளமாம். அன்று ஏழாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தப் போய் என்ன நடத்தினேன் என்று தெரியவில்லை. ஒன்பதாம் மாதக் கர்ப்பிணி அந்தப் பள்ளத்தைத் தாண்டுகிறாள் என்பதுதான் கண்ணில் நின்றது. திட்டம் ஏற்கெனவே இருந்தது, நாம் கேட்டது ஒரு கிளைதான் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன். மனு முழுவதும் என் கையெழுத்து.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் ஒரு ஆட்டோ எங்கள் வாசலில் வந்து நின்றது. மகள்தான் முதலில் இறங்கினாள், ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி. என் மனைவி அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஆட்டோவிலிருந்து பெட்டி இறங்கியது. இரண்டாவது பெட்டி இறங்கியது. ஒரு உரல் இறங்கியது. கடைசியாகச் சம்பந்தியம்மா இறங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தோண்டுறவன்கிட்டக் கேட்டேன், இது எந்த ஊருக்குப்பா போகுதுன்னு. கீழக்குயில்குடிப் பக்கம் ஒரு வாத்தியாரு ஒத்தக் கால்ல நின்னு வாங்கியிருக்காருன்னான். சரி, நல்லாருங்க சம்பந்தி. பிள்ள பொறந்து எங்க தெருவ மூடுற வரைக்கும் நானும் இங்கதான் இருக்கப்போறேன். லாரி எத்தன மணிக்கு வரும்?"